ஜாவா பயன்பாட்டுக்கு நினைவக வரம்பு வகுத்தல்: அளவெடுப்பதிலிருந்து ஓணக்காலச் சோதனை வரை

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் சரக்குப் போக்குவரத்தை நம்பி வாழும் ஊர்களில், ஓணத்துக்கு முந்தைய பத்து நாள்கள் ஆண்டின் மற்ற நாள்களைப் போன்றவை அல்ல. ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் மேட்டுப்பாளையத்து நேந்திரமும் சத்தியமங்கலத்துப் பூவும் வாளையார் வழியாகவும் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகவும் இரவு பகலாகக் கேரளத்துக்குள் செல்கின்றன. லோடு பதிவது, லாரி ரசீது அச்சிடுவது, வாடகைக் கணக்கு முடிப்பது ஆகிய வேலைகளுக்கு ஜாவாவில் எழுதிய மென்பொருளை நம்பியிருக்கும் புக்கிங் அலுவலகத்தில், வழக்கமாக நன்றாக ஓடும் சர்வர் அந்தப் பத்து நாள்களில்தான் திணறும். "அண்ணா, சிஸ்டம் சுத்தீட்டே இருக்குதுங்க, வண்டி நிக்குது" என்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து தொலைபேசி வரும்போது, பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: ஹீப் அளவை, அதாவது ஜாவா தன் தரவை வைத்திருக்கும் நினைவகப் பகுதியின் அளவை, இரண்டு மடங்காக்கி மறுபடி தொடங்குவது. சில வேளைகளில் அது அன்றைய இரவைக் கடத்திவிடும். பல வேளைகளில் முன்பு மெதுவாக நின்ற சர்வர் இப்போது எந்தப் பதிவும் விடாமல் சட்டென்று நிற்கும்.

நினைவக வரம்பு என்பது ஊகித்துப் போடும் எண் அல்ல. பயன்பாட்டுக்கு உண்மையில் உயிரோடு வைத்திருக்க வேண்டிய தரவு எவ்வளவு என்று அளந்து, ஹீப்புக்கு வெளியே ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் எந்திரம்) எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கூட்டி, எந்திரத்தில் மற்றவற்றுக்கு வேண்டியதைக் கழித்து வருவிக்கும் எண் அது. அந்தக் கணக்கைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக, லினக்ஸ் இயங்கும் 8 ஜிபி சர்வர் ஒன்றில் ஜாவா பயன்பாட்டை ஓட்டும் டாம்கேட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் சேர்ந்து ஓடுவதாக வைத்துக்கொள்வோம். சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு எளிதில் கட்டுப்படியாகும் அமைப்பு அது. கட்டளைகளின், அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி இடவும். கிளாஸ் ஹிஸ்டோகிராம், விஎம் டாட் நேட்டிவ் மெமரி, கேட்டலினா ஆப்ட்ஸ், ஜாவா ஆப்ட்ஸ், மாலாக் அரீனா மேக்ஸ் ஆகியவற்றில் மட்டும் சொற்களுக்கு இடையே அடிக்கோடு வரும்; டாட் என்பது புள்ளி.

முதல் படி: எப்படி நின்றது என்று கண்டறிதல்

சர்வர் நின்றது என்ற செய்தியோடு எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. நின்ற விதம் இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து நேரெதிரானது.

ஜேவிஎம் தானே நினைவகம் போதவில்லை என்று அறிவிப்பது ஒரு வகை. அப்போது பயன்பாட்டின் பதிவுக் கோப்பில் அவுட் ஆஃப் மெமரி எரர் என்ற வரியும், அதன் பின் ஒரு காரணமும் இருக்கும். காரணம் ஜாவா ஹீப் ஸ்பேஸ் என்றிருந்தால் ஹீப் நிரம்பியிருக்கிறது. ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்சீடட் என்றிருந்தால், பேரலல் கலெக்டர் (இனிப் பயன்படாத தரவை நீக்கி ஹீப்பில் இடம் மீட்கும் கலெக்டர்களில் ஒன்று) தன் நேரத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் குப்பை நீக்கத்திலேயே செலவிட்டும் ஹீப்பில் 2 விழுக்காடுகூட மீளவில்லை என்று பொருள். இதுவும் ஹீப் நிரம்பிய நிலையே. மெட்டாஸ்பேஸ் என்றிருந்தால் வகுப்புகளின் விவரங்களுக்கான இடம் தீர்ந்திருக்கிறது. நேட்டிவ் திரெட் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் வேலையிழை) உருவாக்க முடியவில்லை என்றிருந்தால் சிக்கல் ஹீப்பில் இல்லவே இல்லை. ஒரு பயனருக்கு இயங்குதளம் அனுமதிக்கும் திரெட் எண்ணிக்கையோ, திரெட்டுகள் தம் வேலைக்கென வைத்திருக்கும் ஸ்டாக்குக்கான இடமோ தீர்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஹீப்பைக் கூட்டினால் ஸ்டாக்குக்கு இருந்த இடமும் குறைந்து நிலைமை மோசமாகும்.

மற்ற வகையில் பயன்பாட்டின் பதிவுக் கோப்பு பாதி வரியில் அறுந்து நிற்கும். லினக்ஸ் கெர்னல் எந்திரத்தின் நினைவகம் முழுதும் தீர்ந்ததைக் கண்டு, அதிகம் உண்ணும் செயல்முறையைத் தேடிக் கொன்றிருக்கும். டிமெசெஜ் கட்டளையின் வெளியீட்டில் அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ் என்ற சொற்களும் ஜாவா என்ற பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டாக்கர், குபெர்னெட்டிஸ் போன்ற கன்டெய்னர் சூழலில் (பயன்பாட்டைத் தனி வரம்புக்குள் அடைத்து ஓட்டும் முறை) ஓடுவதாயின் வெளியேறு எண் 137 என்று காட்டும். 128 உடன் கொல்லும் சிக்னலின் எண்ணான 9 சேர்ந்தது அது. ஹீப்பைக் கூட்டியதும் சத்தமின்றிச் சாகத் தொடங்கிய சர்வர் இந்த வகையைச் சேர்ந்தது. இதற்குத் தீர்வு பெரும்பாலும் ஹீப்பைக் குறைப்பதே.

மூன்றாவதாக, சாகாமலே மிக மெதுவாவதும் உண்டு. எந்திரம், நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் ஸ்வாப் இடத்தைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் இது நேரும். குப்பை நீக்கம் ஹீப்பின் பல பக்கங்களைத் தொட்டுப் பார்க்கும் வேலை. அந்தப் பக்கங்கள் வட்டில் கிடந்தால் மில்லிநொடிகளில் முடிய வேண்டியது நொடிகளாக நீளும். ஃப்ரீ கட்டளையில் ஸ்வாப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறதா என்று கவனிக்கவும்.

இரண்டாம் படி: சான்றைச் சேமிக்க ஏற்பாடு செய்தல்

அடுத்த முறை நிற்கும்போது கையில் தரவு இருக்க வேண்டும். அதற்கு மூன்று அமைப்புகளை முன்கூட்டியே இட்டு வைக்க வேண்டும். ஹீப் டம்ப் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர் என்பது, ஹீப் தீரும் கணத்தில் அதன் முழுப் படியை வட்டில் எழுதும். ஹீப் டம்ப் பாத் அந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும். எக்ஸிட் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர் இட்டால், அந்தப் பிழைக்குப் பிறகு ஜேவிஎம் அரைகுறை நிலையில் தொங்காமல் வெளியேறும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி அதைத் தானாக மீண்டும் தொடங்கும்படி அமைத்துக்கொள்ளலாம். பதிவு செய்துகொண்டிருக்கும் லோடு பாதியில் நின்றாலும், ஓடுவது போல் காட்டிக்கொண்டு பதில் தராத சர்வரைவிட இது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

டம்ப் கோப்பு ஏறக்குறைய ஹீப்பில் நிறைந்திருக்கும் அளவுக்கே பெரிதாகும் என்பதால் வட்டில் அதற்கு இடம் இருக்கட்டும். அந்தக் கோப்பினுள் வியாபாரிகளின் பெயர், கைபேசி எண், ஜிஎஸ்டி எண், சில வேளைகளில் கடவுச்சொற்கள்கூடத் திறந்தபடி கிடக்கும். ஆராய்ச்சிக்கென்று அதை மின்னஞ்சலில் அனுப்புவதோ, எல்லோரும் திறக்கக்கூடிய பகிர்வில் இடுவதோ கூடாது. பார்த்து முடிந்ததும் அழிக்க வேண்டும்.

குப்பை நீக்கப் பதிவையும் தொடங்கி வைக்கவும். ஜாவா 9 முதல் எக்ஸ்லாக் என்ற ஒரே அமைப்பில் ஜிசி என்று கோப்புப் பெயரோடு கொடுத்தால் போதும். கோப்புகள் சுழலும்படி எண்ணிக்கையும் அளவும் கொடுத்துவிட்டால் வட்டு நிரம்பாது. இதன் சுமை மிகச் சிறிது. உற்பத்திச் சர்வரில் எப்போதும் ஓடலாம்.

மூன்றாம் படி: உயிருள்ள தரவை அளத்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். சற்று நின்று பார்ப்போம்.

குப்பை நீக்கப் பதிவில் இப்படி ஒரு பகுதி வரும்: 1840எம்->912எம்(2816எம்) 38.412எம்எஸ். முதல் எண், நீக்கம் தொடங்கியபோது ஹீப்பில் நிறைந்திருந்தது. இரண்டாவது, நீக்கம் முடிந்தபின் எஞ்சியது. அடைப்புக்குள் இருப்பது ஹீப்பின் மொத்த அளவு. கடைசி எண் பயன்பாடு நின்று காத்திருந்த மில்லிநொடிகள். பலர் முதல் எண்ணைப் பார்த்து அஞ்சுகிறார்கள். ஜேவிஎம் ஹீப்பை நிரப்பிய பிறகே நீக்கும் என்பதால் அந்த எண் உயர்ந்திருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். அதையும் எல்லா வரியிலும் அப்படியே நம்பிவிடக் கூடாது: புதிதாக உருவானவை இருக்கும் இளந்தலைமுறையை மட்டும் துப்புரவாக்கும் சிறு நீக்கங்களுக்குப் பின் எஞ்சியதில், நெடுநேரம் பிழைத்தவை இருக்கும் பழைய தலைமுறையில் ஏற்கெனவே இறந்து கிடக்கும் ஆப்ஜெக்டுகளும் சேர்ந்திருக்கும். ஜி1 கலெக்டரில், பழைய தலைமுறையின் பகுதிகளையும் சேர்த்துத் துப்புரவாக்கும் மிக்ஸ்டு நீக்கங்களின் தொடர் ஒன்று முடிந்தபின் உள்ள எண், அல்லது ஃபுல் ஜிசி எனும் முழு நீக்கத்துக்குப் பின் உள்ள எண், இவையே உயிருள்ள தரவின் அளவுக்கு மிக அருகில் இருப்பவை.

வேண்டுமென்றே ஒரு முழு நீக்கத்தைத் தூண்டிப் பார்க்க ஓடும் ஜேவிஎம்மிடம் விவரம் கேட்கும் ஜேசிஎம்டி கருவி உதவும். செயல்முறை எண்ணோடு ஜிசி டாட் கிளாஸ் ஹிஸ்டோகிராம் என்று கேட்டால், முழு நீக்கம் நடத்தி, எஞ்சிய ஆப்ஜெக்டுகளை வகுப்பு வாரியாக எண்ணிக்கையோடும் பைட் அளவோடும் பட்டியலிடும். அந்த நேரத்தில் பயன்பாடு ஓரிரு நொடிகள் நிற்கக்கூடும் என்பதால் லோடு வரிசை நீண்டிருக்கும்போது வேண்டாம். பின்னிரவில், லாரிகள் புறப்பட்ட பிறகு செய்யலாம். ஆனால் வரம்பு வகுக்கத் தேவையான எண், நெரிசல் நேரத்துக்குரியது. அமைதியான இரவில் 400 எம்பி காட்டும் பயன்பாடு, எல்லா அலுவலகங்களும் உள்நுழைந்திருக்கும் மாலை ஏழு மணிக்கு அதைவிடப் பல மடங்கு காட்டலாம். ஆகவே பதிவுக் கோப்பில் நெரிசல் நேரத்து எண்களையே எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 900 எம்பி என்று கொள்வோம்.

தமிழ், மலையாளம் ஆகிய எழுத்துகளில் தரவு வைத்திருப்பவர்கள் ஒரு செய்தியைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். ஜாவா 9 முதல் எழுத்துச்சரங்கள் சுருக்கமாக வைக்கப்படுகின்றன: லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள சரத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட். சரத்தில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் சரமும் அலகுக்கு இரண்டு பைட் முறைக்கு மாறிவிடும். கோயம்புத்தூர் என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொண்டால், மெய்ப்புள்ளிகளையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ண 13 அலகுகள், எனவே 26 பைட். அதனோடு அந்த எழுத்துகளைத் தாங்கும் பைட் வரிசையின் தலைப்பகுதி 16 பைட், எட்டின் மடங்குக்கு முழுமையாக்கினால் 48, சரம் என்ற ஆப்ஜெக்டுக்கு 24, ஆக 72 பைட். அதே ஊரை ஆங்கில எழுத்தில் வைத்தால் 10 எழுத்து. இதே கணக்கில் 56 பைட். சிறிய சரங்களில் வேறுபாடு இவ்வளவே. நீண்ட முகவரிகளிலும் குறிப்புகளிலும் அது ஏறக்குறைய இரு மடங்கை நெருங்கும். பழைய ஜாவா 8இலிருந்து புதிய பதிப்புக்கு மாறினால் நினைவகம் வெகுவாகக் குறையும் என்று பிறர் எழுதுவதை நம்பி, தமிழ்ப் பதிவுகள் நிறைந்த பயன்பாட்டில் அதே சேமிப்பை எதிர்பார்க்க வேண்டாம். தரவைத் தமிழில் வைப்பதைக் கைவிட இது காரணமும் ஆகாது. லாரி ஓட்டுநர் தன் ரசீதைத் தன் மொழியில் படிக்க வேண்டும். அதற்குரிய இடத்தைக் கணக்கிட்டு ஒதுக்குவது நம் வேலை.

நான்காம் படி: எந்திரத்தின் வரவுசெலவு

8 ஜிபி எந்திரத்தில் இயங்குதளத்துக்கும் கண்காணிப்பு நிரல்களுக்கும் 1 ஜிபி, போஸ்ட்கிரெஸுக்கு 2 ஜிபி என்று ஒதுக்குவோம். போஸ்ட்கிரெஸ் தன் சொந்த நினைவகத்தோடு லினக்ஸின் கோப்புத் தற்காலிகச் சேமிப்பையும் நம்பி இயங்குவது. அதற்கு இடமே விடாமல் ஜாவாவுக்குக் கொடுத்துவிட்டால் வினவல்கள் வட்டுக்கு ஓடி, கடைசியில் ஜாவா மெதுவாகிவிட்டது என்ற பழிதான் மிஞ்சும். எனவே அதற்கு மேலும் 1 ஜிபி. மீதம் 4 ஜிபி ஜாவா செயல்முறை முழுவதற்கும் உரியது. ஹீப்புக்கு மட்டும் உரியது அல்ல.

எதையும் குறிப்பிடாவிட்டால் ஜேவிஎம் எந்திர நினைவகத்தில் நான்கில் ஒரு பங்கை ஹீப்பின் உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். இங்கே 2 ஜிபி. எந்திரத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே வரம்பை நாமே இட வேண்டும்.

ஐந்தாம் படி: ஹீப் அளவை இடுதல்

உயிருள்ள தரவின் மூன்று மடங்கிலிருந்து தொடங்குவது நடைமுறையில் நல்ல தொடக்கம். அதைவிடக் குறைத்தால் நீக்கம் அடிக்கடி நடந்து சிபியு வீணாகும். மிகவும் கூட்டினால் பயனில்லாமல் எந்திரத்தின் இடம் போகும். 900 எம்பியின் மும்மடங்கு 2700. அதைச் சற்று உயர்த்தி 2816 எம்பி என்று எக்ஸ்எம்எக்ஸ் அமைப்பில் இடுவோம். தொடக்க அளவான எக்ஸ்எம்எஸ்ஸும் அதே எண்ணாக இருக்கட்டும். சர்வரில் ஹீப் ஏறி இறங்குவதால் நமக்கு ஆதாயம் இல்லை. இரண்டும் சமமாக இருந்தால் எந்திரத்தில் இடம் போதுமா என்பதைச் சீக்கிரமே அறியலாம். ஆல்வேஸ் பிரீ டச் என்ற அமைப்பையும் சேர்த்தால் ஜேவிஎம் தொடங்கும்போதே எல்லாப் பக்கங்களையும் தொட்டு உரிமையாக்கிக்கொள்ளும்; தொடக்கம் சில நொடிகள் தாமதமாகும், ஆனால் பற்றாக்குறை இருந்தால் அது காலையில் தொடங்கும்போதே தெரிந்துவிடும், நள்ளிரவு நெரிசல்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டாம்கேட்டில் இவற்றை எழுத வேண்டிய இடம் பின் (bin) என்ற அடைவில் உள்ள செட்என்வ் கோப்பு. மாறியின் பெயர் கேட்டலினா ஆப்ட்ஸ். ஜாவா ஆப்ட்ஸ் என்ற மாறியில் எழுதினால், சர்வரை நிறுத்தும் சிறு கட்டளைக்கும் அதே பெரிய ஹீப் கேட்கப்படும். நினைவகம் தட்டுப்பாடாக இருக்கும் வேளையில் நிறுத்தவே முடியாமல் போகும். சிஸ்டம்டி வழியாகவோ தனி ஜார் கோப்பாகவோ ஓட்டுபவர்கள் தொடக்கக் கட்டளையிலேயே இடலாம். இட்டபின், ஜேசிஎம்டி வழியாக விஎம் டாட் ஃபிளாக்ஸ் என்று கேட்டு, நீங்கள் இட்ட எண்தான் நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்கவும். வேறொரு தொடக்கக் கோப்பில் யாரோ முன்பு எழுதிய பழைய எண் மேலோங்கி நிற்பது அரிதல்ல.

மிகப் பெரிய எந்திரங்கள் வைத்திருப்போர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஹீப் 32 ஜிபியை நெருங்கும்வரை ஜேவிஎம் ஆப்ஜெக்ட் சுட்டிகளைச் சுருக்கி 4 பைட்டில் வைக்கிறது; அதைத் தாண்டினால் ஒவ்வொன்றும் 8 பைட். ஆகவே 33 ஜிபி ஹீப்பில், 31 ஜிபி ஹீப்பில் அடங்குவதைவிடக் குறைவான தரவே அடங்கக்கூடும்.

ஆறாம் படி: ஹீப்புக்கு வெளியே போகும் இடம்

சத்தமின்றிச் சாகும் சர்வர்களின் காரணம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். ஜாவா 8 முதல் வகுப்புகளின் விவரங்கள் மெட்டாஸ்பேஸ் என்ற பகுதியில், ஹீப்புக்கு வெளியே, இயல்பாக எந்த உச்சவரம்பும் இல்லாமல் வைக்கப்படுகின்றன. தொகுக்கப்பட்ட நிரலுக்கான கோட் கேச் 64 பிட் லினக்ஸில் இயல்பாக 240 எம்பி வரை வளரலாம். ஒவ்வொரு திரெட்டின் ஸ்டாக்குக்கும் 1 எம்பி ஒதுக்கப்படுகிறது; தொட்ட பக்கங்கள் மட்டுமே உண்மையில் இடம் பிடிக்கும் என்பதால் 200 திரெட்டுகள் என்றால் 200 எம்பி முழுதும் போய்விடாது. ஹீப்புக்கு வெளியே தரவை வைக்கும் டைரக்ட் பஃபர்களுக்கு நாம் வரம்பிடாவிட்டால் ஏறக்குறைய ஹீப்பின் உச்சவரம்பு வரை அவையும் வளர முடியும். கலெக்டர் தன் கணக்குகளுக்கென்று தனியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்; ஹீப் பெரிதானால் அதுவும் பெரிதாகும்.

இவற்றை ஊகிக்க வேண்டியதில்லை. நேட்டிவ் மெமரி டிராக்கிங் அமைப்புக்கு சம்மரி என்ற மதிப்பைக் கொடுத்துத் தொடங்கினால், ஜேசிஎம்டியில் விஎம் டாட் நேட்டிவ் மெமரி என்று கேட்கும்போது பகுதிவாரியாகக் கணக்கு வரும். ஒவ்வொரு பகுதிக்கும் ரிசர்வ்டு (முன்பதிவு செய்த முகவரி இடம்), கமிட்டட் (உண்மையில் ஒதுக்கியது) என்று இரண்டு எண்கள் இருக்கும். நமக்கு வேண்டியது கமிட்டட். இந்தக் கணக்கெடுப்பு 5 முதல் 10 விழுக்காடு வரை வேகத்தைக் குறைக்கும் என்பதால் அளந்து முடித்ததும் எடுத்துவிடலாம். பேஸ்லைன் என்று ஒரு முறை கொடுத்து, சில மணி நேரம் கழித்து சம்மரி டாட் டிஃப் என்று கேட்டால் எந்தப் பகுதி வளர்ந்திருக்கிறது என்பது நேரடியாகத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டில் மெட்டாஸ்பேஸ் 200, கோட் கேச் 120, திரெட் ஸ்டாக் 100, கலெக்டர் 150, டைரக்ட் பஃபர் 100, மற்றவை 100 எம்பி என்று வந்தால் கூட்டுத்தொகை 770. ஹீப்பின் 2816ஐச் சேர்க்க 3586 எம்பி. ஒதுக்கியது 4096, எனவே 510 எம்பி மிச்சம். இந்த மிச்சத்தைக் கண்டதும் ஹீப்புக்குக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்க வேண்டாம்.

அளந்த மதிப்புக்கு மேல் சற்று இடம் விட்டு, மேக்ஸ் மெட்டாஸ்பேஸ் சைஸ் 320 எம்பி, மேக்ஸ் டைரக்ட் மெமரி சைஸ் 192 எம்பி என்று வேலி போடலாம். வேலி போட்டால், கசிவு ஏற்படும்போது கெர்னல் கொல்வதற்குப் பதிலாக ஜேவிஎம் பெயர் சொல்லிப் பிழை தரும். எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கூட்டுத்தொகைக்கும் டாப் கட்டளை ஆர்இஎஸ் என்று காட்டும் ஆர்எஸ்எஸ் அளவுக்கும் (செயல்முறை உண்மையில் பிடித்திருக்கும் நினைவகம்) பெரிய இடைவெளி இருந்தால், ஜேவிஎம் அறியாத நேட்டிவ் நூலகங்களோ, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி நினைவகத்தைப் பிரித்துத் தரும் மெமரி அரீனாக்களோ காரணம். 64 பிட் அமைப்பில் ஒரு கோருக்கு 8 அரீனா வரை அது உருவாக்கக்கூடும். மாலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறிக்கு 2 என்று கொடுத்துத் தொடங்கிப் பார்க்கவும். பல திரெட்டுகள் உள்ள பயன்பாடுகளில் இந்த ஒரே மாற்றம் ஆர்எஸ்எஸ்ஸைக் கண்கூடாகக் குறைப்பதுண்டு.

ஏழாம் படி: கன்டெய்னரில் ஓட்டுவோருக்கு

ஜாவா 10க்கும் 8இன் 191ஆம் புதுப்பிப்புக்கும் முந்தைய ஜேவிஎம்கள் கன்டெய்னரின் வரம்பைத் தாமாக அறியமாட்டா. முழு எந்திரத்தையும் தமதென்று எண்ணும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் உள்ள கன்டெய்னர் வரம்பை வகுக்கும் சிகுரூப் வசதியின் இரண்டாம் பதிப்பை அறிய ஜாவா 15, அல்லது 11.0.16, அல்லது 8இன் 372ஆம் புதுப்பிப்பு தேவை. இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு திடீரென்று 137 வரத் தொடங்கினால் முதலில் இதைச் சரிபார்க்கவும்.

கன்டெய்னருக்கு 4 ஜிபி வரம்பு கொடுத்துவிட்டு வேறொன்றும் சொல்லாவிட்டால் ஹீப் 1 ஜிபியிலேயே நிற்கும். மேக்ஸ் ராம் பர்சன்டேஜின் இயல்பு மதிப்பு 25. அதை 65 முதல் 70 வரை உயர்த்துவது நம் போன்ற அளவுக்குப் பொருந்தும். 512 எம்பி கன்டெய்னரில் அதே விழுக்காடு ஆபத்து. ஹீப்புக்கு வெளியே போகும் இடம் விழுக்காட்டுக் கணக்கில் சுருங்குவதில்லை. இன்னொன்று, ஒரே ஒரு சிபியு மட்டும் கொடுத்தாலோ நினைவகம் 1792 எம்பிக்குக் குறைவாக இருந்தாலோ ஜேவிஎம் தானாக சீரியல் கலெக்டரைத் தேர்ந்துகொள்ளும். ஜி1 ஓடுகிறது என்று நம்பி அதன் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. எந்தக் கலெக்டர் ஓடுகிறது என்பது குப்பை நீக்கப் பதிவின் முதல் வரிகளில் இருக்கும்.

கலெக்டரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜாவா 9 முதல் இயல்பாக வரும் ஜி1 இந்த அளவு ஹீப்புக்குப் போதும். அதன் நிறுத்த இலக்கு 200 மில்லிநொடி. அளவு சரியாக இல்லாமல் கலெக்டரை மாற்றிப் பார்ப்பதில் பயன் குறைவு.

எட்டாம் படி: தேவையா, கசிவா என்று பிரித்தறிதல்

முழு நீக்கத்துக்குப் பின் எஞ்சும் அளவு நாள்தோறும் உயர்ந்துகொண்டே போய், இரவில் ஆளில்லாத நேரத்திலும் இறங்காவிட்டால் அது கசிவு. எத்தனை ஜிபி கொடுத்தாலும் அது நிறையும். வரம்பைக் கூட்டுவது சாவைத் தள்ளிப்போடுவதே. டம்ப் கோப்பை எக்லிப்ஸ் மெமரி அனலைசரில் திறந்து டாமினேட்டர் ட்ரீ காட்சியில் எந்த ஆப்ஜெக்ட் அதிகம் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். எல்லையில்லாத கேச், நீக்கப்படாத திரெட் லோக்கல், உள்நுழைந்த பின் மணிக்கணக்கில் காலாவதியாகாத செஷன் ஆகியவை அடிக்கடி அகப்படுபவை.

திடீரென்று உயர்ந்து, சற்று நேரத்தில் இறங்கினால் அது ஒரு குறிப்பிட்ட வேலையின் பசி. போக்குவரத்து அலுவலகங்களில் அந்த வேலை அநேகமாக அறிக்கைதான். கணக்குப்பிள்ளை ஒருவர் திருச்சூர்த் தடத்தின் ஓர் ஆண்டு வாடகைக் கணக்கை எக்செல் கோப்பாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸின் ஜாவா இயக்கி இயல்பாக வினவலின் எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆட்டோ கமிட்டை நிறுத்தி, ஃபெட்ச் சைஸ் கொடுத்தால்தான் பகுதி பகுதியாக வரும். அதன்பின் அந்த வரிகள் ஹைபர்னேட் நூலகம் உருவாக்கும் ஜாவா ஆப்ஜெக்டுகளாகின்றன. அடுத்து எக்செல் கோப்பை எழுதும் அப்பாச்சி பிஓஐ நூலகத்தின் வழக்கமான வடிவம், எழுதும் ஒவ்வொரு கட்டத்தையும் ஓர் ஆப்ஜெக்டாக முடிவுவரை பிடித்து வைக்கும். ஒரே தரவு மூன்று உருவில் ஒரே நேரத்தில் ஹீப்பில் நிற்கிறது. தமிழ்ப் பெயர்களும் மலையாள முகவரிகளும் ஒவ்வொரு அலகுக்கும் இரண்டு பைட் எடுத்துக்கொண்டு. பிஓஐயின் ஸ்ட்ரீமிங் வடிவமான எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃபைப் பயன்படுத்தினால் இயல்பாகக் கடைசி 100 வரிசைகள் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். மற்றவை தற்காலிகக் கோப்புக்குப் போகும். ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ் பயன்படுத்துவோருக்கு விர்ச்சுவலைசர் என்ற வசதி இதே வேலையைச் செய்யும். ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பெரிய அறிக்கைகளின் எண்ணிக்கையை இரண்டாகக் கட்டுப்படுத்தினாலே பாதித் தொல்லை தீரும். இந்தத் திருத்தங்களைச் செய்யாமல் ஹீப்பை உயர்த்துவது, அறிக்கை கேட்பவரின் தேதி வரம்பை நம்பி சர்வரை நடத்துவதற்குச் சமம்.

ஒன்பதாம் படி: ஓணத்துக்கு முன் சோதித்தல்

அளவெடுத்தது ஆடி மாதத்துச் சாதாரண நாளாக இருந்தால், ஆவணியில் அந்த எண் பொய்த்துப்போகும். சென்ற ஆண்டு ஓணக்காலப் பதிவுகளிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை லோடு பதிவானது, எத்தனை பேர் உள்நுழைந்திருந்தனர், எந்த அறிக்கைகள் ஓடின என்று எடுத்துக்கொண்டு, ஜேமீட்டர் போன்ற கருவியால் சோதனைச் சர்வரில் அதே நெரிசலை உண்டாக்க வேண்டும். சோதனைத் தரவுத்தளத்தில் பத்து வரி ஆங்கிலப் பெயர்களை இட்டுச் சோதிப்பது பயனற்றது. உண்மையான நீளத்தில் தமிழ், மலையாளப் பெயர்களும் முகவரிகளும் இருக்க வேண்டும், அடையாளங்கள் மட்டும் மாற்றப்பட்டிருக்கலாம். காய்கறியும் பூவும் இ-வே பில் வேண்டாதவை. ஜவுளி, மளிகை, உதிரி பாகங்கள் அப்படியல்ல. ஆகவே இ-வே பில் உருவாக்கும் பகுதியின் சுமையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளவும்.

சோதனையை ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடாமல், பழைய தலைமுறை பல முறை நிரம்பித் துப்புரவாகும் அளவுக்கு, குறைந்தது ஓர் இரவு முழுதும் ஓட விடுங்கள். அப்போது முழு நீக்கத்துக்குப் பின் எஞ்சுவது 900க்குப் பதிலாக 1300 எம்பி என்று வந்தால், மும்மடங்கு 3900; வெளிச்செலவு 770ஐயும் சேர்க்க 4670. ஒதுக்கிய 4096க்குள் அது அடங்காது. எந்திரத்தைப் பெரிதாக்குவதா, தரவுத்தளத்தைத் தனி எந்திரத்துக்கு மாற்றுவதா, அறிக்கைகளை இரவுக்குத் தள்ளுவதா என்பதை இரண்டு மாதம் முன்னதாக முதலாளியிடம் எண்களோடு பேசி முடிவெடுக்க இது இடம் தரும். தரவுத்தளத்தைப் பிரிப்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். இரண்டு பசியாளிகளை ஓர் எந்திரத்தில் வைத்தால் ஒவ்வோர் ஆண்டும் இதே பேச்சு திரும்ப வரும்.

பத்தாம் படி: மாற்றுவதும் கண்காணிப்பதும்

ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றவும். மாற்றிய தேதி, பழைய எண், புதிய எண், மாற்றியதன் காரணம் ஆகியவற்றைச் செட்என்வ் கோப்பிலேயே குறிப்பாக எழுதி வைத்தால், அடுத்து வருபவர் அந்த 2816 எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்காது. மாற்றத்தைச் சனிக்கிழமை மாலையில் செய்ய வேண்டாம்; அலுவலகத்தில் ஆள் இருக்கும் நாளின் காலையில், முதல் லோடு பதிவாவதற்கு முன் செய்யவும்.

மூன்று எண்களுக்கு எச்சரிக்கை வைத்தால் போதும். முழு நீக்கத்துக்கோ மிக்ஸ்டு தொடருக்கோ பின் எஞ்சுவது ஹீப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டுவது ஒன்று. ஜாவா செயல்முறையின் ஆர்எஸ்எஸ் 3.8 ஜிபியைத் தாண்டுவது மற்றொன்று. ஸ்வாப் பயன்பாடு தொடர்ந்து ஏறுவது மூன்றாவது. ஹீப் 90 விழுக்காடு நிறைந்தது என்று மட்டும் எச்சரிக்கை வைத்தால் அது ஒவ்வொரு நீக்கத்துக்கு முன்னும் அடிக்கும். சில நாளில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். ஓண நெரிசல் முடிந்த வாரத்தில், அந்தப் பத்து நாள்களின் குப்பை நீக்கப் பதிவுகளைச் சுழற்சியில் அழிந்துபோகும் முன் தனியாகப் படியெடுத்து வைக்கவும். அடுத்த ஆண்டின் சோதனைக்கு வேண்டிய எண்கள் அவற்றில்தான் இருக்கின்றன.